அப்பாவின் துப்பாக்கிகள்: வைத்துக்கொள்வதா, மாற்றிக்கொள்வதா?

வாலாஜா பக்கத்திலிருந்து அரிசி மண்டிக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருக்கு வயது 52. வசூல் பணத்தோடு ராத்திரியில் வீடு திரும்ப வேண்டிய தொழில் என்பதால், தன் பெயரில் முறையாக உரிமம் வாங்கி, அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த 'அஷானி' .32 பிஸ்டல் ஒன்றை வைத்திருக்கிறார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அவருடைய அப்பா ஏழு மாதத்துக்கு முன் காலமாகிவிட்டார். அப்பாவின் உரிமத்தில் இரண்டு கைத்துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று பர்மிங்காமில் செய்த வெப்ளி அண்ட் ஸ்காட் .32 பிஸ்டல், தாத்தா காலத்தது. இன்னொன்று 90களில் அப்பா புதிதாக வாங்கிய கான்பூர் .32 ரிவால்வர். இரண்டும் இப்போது பீரோவில் இருக்கின்றன. வெப்ளியை ராணிப்பேட்டைத் தோலில் தைத்த உறையிலேயே போட்டு வைத்திருக்கிறார்.

இவை போதாதென்று, எந்த உரிமத்திலும் ஏறாத மூன்றாவது ஒன்று கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மருந்து கெட்டித்து, சிக்கிமுக்கிக் கல்லால் சுடும் பழைய கைத்துப்பாக்கி. 1806 வேலூர்க் கோட்டைப் புரட்சியில் பயன்பட்டது என்று குடும்பத்தில் சொல்லிவருகிறார்கள். பூட்டுத் தகட்டில் கிரீடம் ஏந்தி நிற்கும் சிங்கம் பொறித்திருக்கிறதாம்.

கோவை நண்பர் ஒருவர், அவரும் உரிமம் உள்ளவர், வாட்ஸ்அப்பில் வெப்ளியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அதைக் கொடுங்கள், என் .22 ரிவால்வரையும் மேலே 50 ஆயிரமும் தருகிறேன்" என்கிறார். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு வேலூர் வரும்போது கைமாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். "அப்பாவின் உரிமம் இன்னும் இரண்டு வருஷம் செல்லும். அதற்குள் எதை வைப்பது, எதை மாற்றுவது என்று நிதானமாக முடிவு செய்யலாம் இல்லையா வக்கீல் சார்?" என்று கேட்கிறார். அம்மா இருக்கிறார், அமெரிக்காவில் ஒரு அக்கா இருக்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: மகனுக்கு 20 வயது, காலேஜை விட்டு நின்றுவிட்டான், அறையை விட்டு வெளியே வருவதில்லை, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிறான், அவனுக்கு தாத்தா துப்பாக்கி மேல் ஆசை, அதைக் கொடுத்தாலாவது தேறுவானா என்று யோசிக்கிறாராம்.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருவதற்கு முன்னால், கேட்காமல் விட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் மகன் சொன்ன வார்த்தையை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மனநிலையில் ஒரு பிள்ளை இருக்கிற வீட்டில் எந்தத் துப்பாக்கியும் இருக்கக்கூடாது. அப்பாவுடையது மட்டுமில்லை, உங்கள் அஷானியும்தான். சாவியை ஒளித்து வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். வீட்டுச் சாவிகள் எங்கே இருக்கும் என்று வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். தற்கொலை எண்ணம் பல நேரம் அலை மாதிரி எழுந்து அடங்கக்கூடியது. அந்தச் சில நிமிடத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பிழைப்பதும் போவதும். மற்ற வழிகளில் முயன்றவர்களைக் காப்பாற்ற நேரம் கிடைப்பதுண்டு. துப்பாக்கி அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை.

அவனிடம் நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதாப்பா?" கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. பேச வழி கிடைத்ததே என்று பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் இருக்கிறது. வாலாஜாவிலிருந்து ஒன்றும் தூரமில்லை. ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற 'டெலி மானஸ்' அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தாத்தா துப்பாக்கியைப் பரிசாகக் கொடுக்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். சட்டமும் இடம் தராது: 21 வயது ஆகவில்லை, தன் பெயரில் உரிமமும் இல்லை.

சரி, இப்போது சட்டத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் உரிமம் அப்பாவோடு முடிந்தது

துப்பாக்கி உரிமம் வீட்டுப் பத்திரம் மாதிரி வாரிசுக்குத் தானாக வந்து சேர்வதில்லை. அது ஓர் ஆளுக்குக் கொடுத்த அனுமதி. புத்தகத்தில் இன்னும் இரண்டு வருஷம் என்று போட்டிருந்தாலும், அவர் காலமான அன்றோடு அது முடிந்துவிட்டது. உங்களுக்கு உரிமம் இருப்பது அஷானிக்கு மட்டும். அந்த இரண்டையும் நீங்கள் உரிமமில்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் இன்றைய நிலைமை.

ஆயுதச் சட்டம் 1959-ன் 21-வது பிரிவு, சட்டப்படி வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் போனாலும், தேவையில்லாத தாமதம் செய்யாமல் ஆயுதத்தையும் தோட்டாக்களையும் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஏழு மாதம் என்பது தாமதம்தான். ஒப்படைக்காமல் இருப்பதே தனிக் குற்றம். உரிமமில்லாமல் வைத்திருந்ததாக வழக்கானால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. பயமுறுத்த இதை எழுதவில்லை. துக்கத்தில் இருந்தோம், விவரம் தெரியவில்லை என்று தானாக முன்வந்து எழுத்துமூலம் ஒப்படைப்பவரையும், சோதனையில் பிடிபட்டவரையும் எந்த அதிகாரியும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அந்த வித்தியாசம் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது.

ஆனால் துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு நீங்களே பைக்கில் கிளம்பிவிடாதீர்கள். வழியில் சோதனை நடந்தால் விளக்கம் சொல்லி மாளாது. உள்ளூர் வக்கீல் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு முதலில் இன்ஸ்பெக்டரிடம் கடிதம் கொடுங்கள். வீட்டுக்கு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடிதத்தில் அப்பாவின் உரிம எண், ஒவ்வொரு துப்பாக்கியின் தயாரிப்பு, அளவு, உடலில் பொறித்த எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். கூடத்துப் பழைய துப்பாக்கியையும் அதே பட்டியலில் சேருங்கள். எடுத்துப்போகும் முன், இருக்கிற கீறல் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். முத்திரையும் தேதியும் உள்ள ரசீது இல்லாமல் எதையும் விடாதீர்கள்.

தேர்தல் வரும்போதெல்லாம் அப்பா ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு ரசீதோடு வருவார், பிறகு திரும்ப வாங்குவார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது கொடுத்தால் திரும்ப வராது என்ற பயமும் கடிதத்தில் தெரிகிறது. அந்தப் பயத்துக்குக் காரணமில்லை. காலமானவரின் சட்டப்படியான வாரிசு, உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அல்லது உரிமமுள்ள இன்னொருவருக்கு விற்கலாம் என்று அதே 21-வது பிரிவு சொல்கிறது. உரிய காலத்துக்குள் எதையும் செய்யாமல் விட்டால்தான் அரசுக்குப் போகும். அதற்கும் முன்னால் கலெக்டர் நோட்டீஸ் அனுப்பி 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஒன்று மட்டும் உண்மை: ஸ்டேஷன் அறையில் எண்ணெய் போட்டுத் துடைக்க ஆளில்லை, நம் ஊர் ஐப்பசி மழையில் துருப்பிடிக்கும். சென்னையில் உள்ள உரிமம் பெற்ற கடைக்கு மாற்ற அனுமதி கேளுங்கள். வாடகை வாங்குவார்கள், ஆனால் பராமரிப்பார்கள். அஷானி உங்கள் உரிமத்தில் இருப்பதால் அதை நீங்களே அங்கே கொண்டுபோய்ப் பாதுகாப்புக்கு வைக்கலாம். அதை இந்த வாரமே செய்யுங்கள்.

எந்தக் கலெக்டர் ஆபீஸ்?

அப்பாவின் உரிமப் புத்தகத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று அச்சாகியிருக்கிறது, புதுப்பித்ததெல்லாம் வேலூரில்தான் என்கிறீர்கள். வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டத்தையும் 2019-ல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். வாலாஜா இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஆகவே உங்கள் மனு போக வேண்டியது ராணிப்பேட்டை கலெக்டருக்கு. பழைய கோப்பு சத்துவாச்சாரியில் உள்ள வேலூர் கலெக்டர் ஆபீஸில் தங்கியிருக்க வாய்ப்புண்டு. இப்படி இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலைபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்பாவின் உரிமம் தேசியத் தரவுத்தளத்தில் ஏறி, அதற்குத் தனி அடையாள எண் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அந்த எண் இல்லாத பழைய புத்தகத்துக்கு மதிப்பில்லை. இல்லையென்றால் கோப்பைத் தேடியெடுக்கும்படி வேலூருக்கு ஒரு மனு, அதன் நகல் ராணிப்பேட்டைக்கு.

மனுவோடு இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அசல் உரிமம், ஒப்படைத்த ரசீது, உங்கள் மருத்துவச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: உரிமதாரர் 70 வயதை எட்டிவிட்டாலோ துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம் என்று 2016 விதிகளில் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் கூச்சப்படாமல் பேசுங்கள்.

இரண்டுக்கு மேல் இல்லை

முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். 2019 டிசம்பர் 14 முதல் இரண்டுதான். வாரிசு வழியில் வந்தாலும், பரம்பரைச் சொத்தானாலும் அந்த இரண்டைத் தாண்டக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அஷானி ஒன்று போக உங்களுக்கு மிச்சமிருப்பது ஒரே ஓர் இடம்.

அம்மா பெயரில் ஓர் உரிமம் எடுத்து ரிவால்வரையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவும் வாரிசுதான், மனு போடத் தடையில்லை. ஆனால் உரிமம் வாங்குபவர்தான் அதை வைத்திருக்க வேண்டும், அவர்தான் பொறுப்பு. 75 வயது அம்மாவின் பெயரைப் போட்டு உங்கள் பீரோவில் வைப்பது பினாமி வேலை. வேண்டாம்.

அப்படியானால் எதை வைப்பது? என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: ரிவால்வரை விற்றுவிடுங்கள். அப்பா கடையில் வாங்கிய சாதாரணத் தயாரிப்பு, அதன் மேல் உங்களுக்கும் பெரிய பற்றில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தோட்டா விஷயமும் இருக்கிறது. மூன்றுமே .32 என்பதால் ஒரே தோட்டா போதும் என்று நினைத்திருக்கிறீர்கள். அது தவறு. வெப்ளிக்கும் அஷானிக்கும் 7.65 மில்லிமீட்டர் பிஸ்டல் தோட்டா. உயரம் குறைவு, அடிவிளிம்பு வெளியே தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். கான்பூர் ரிவால்வரின் தோட்டா அதைவிட நீளம், அடியில் விளிம்பு நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். பெயரை நம்பி ஒன்றை இன்னொன்றில் போட்டுப் பார்க்கும் விபரீதம் வேண்டாம். பெட்டியில் கிடக்கும் பச்சை பூத்த பழைய தோட்டாக்களையும் ஏரியில் எறியாமல் ஸ்டேஷனில் கணக்கோடு கொடுத்துவிடுங்கள்.

வெப்ளி வேறு ரகம். அந்த 1908 மாடல் பிஸ்டலை 1911-ல் லண்டன் மாநகரக் காவல்துறையே எடுத்துக்கொண்டது. 1980களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபிறகு, இந்த மாதிரி வெளிநாட்டுத் துப்பாக்கிகள் இந்தியாவில் புதிதாக வருவதில்லை. இருப்பதுதான் கைமாறுகிறது. அதனால்தான் விலையும் உள்நாட்டுத் துப்பாக்கியைவிடப் பல மடங்கு. தாத்தா, அப்பா என்று இரண்டு தலைமுறை கைபட்டது என்பது வேறு. வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பாதுகாப்புக்கு இதை நம்பாதீர்கள். நூறு வருஷத்தை நெருங்கிய ஸ்பிரிங். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் பிரித்துப் பார்க்காமல் ஒரு குண்டுகூடச் சுட வேண்டாம். முக்கியமாக, துப்பாக்கியை எடுக்க வரும் போலீஸாரிடம் தோலுறையிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் சேர்ந்து இரும்பைத் தின்றுவிடும். அந்த உறையை வைத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. துப்பாக்கிகள் எல்லாமே போனாலும் அது உங்களோடு இருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: எல்லாவற்றையும் விற்றுவிடுவது. மகன் நிலைமை தேற நாளாகும் என்று டாக்டர் சொன்னால், நான் அந்தப் பக்கம்தான் நிற்பேன். அதுவரை முடிவெடுக்க அவசரமில்லை. உங்கள் பெயரில் மனு ஒரு பக்கம் நடக்கட்டும், துப்பாக்கிகள் கடையிலேயே இருக்கட்டும்.

கோவை நண்பரின் யோசனை

இரண்டு பேருக்கும் உரிமம் இருந்தால் கைமாற்றிக்கொள்ளலாம் என்பது பரவலாக இருக்கும் தவறான நம்பிக்கை. பண்டமாற்று என்று சட்டத்தில் தனி வழி கிடையாது. அது இரண்டு விற்பனை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் துப்பாக்கியை விற்பவர், யாருக்கு விற்கிறார் என்பதைக் கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, குறைந்தது 45 நாள் கழித்துத்தான் கொடுக்கலாம் என்கிறது 5-வது பிரிவு. வாங்குபவருக்கு அந்தக் குறிப்பிட்ட ரகத்துக்கு அனுமதி இருக்க வேண்டும், உரிமத்தில் ஏற வேண்டும். உங்களுக்கும் .22-க்கு அனுமதி வேண்டும். அப்பாவின் வெப்ளி இன்று உங்கள் உரிமத்திலேயே இல்லை. கல்யாண மண்டபத்து வாசலில் இதைக் கைமாற்றினால் இரண்டு பேருமே குற்றவாளிகள்.

சட்டத்தை விடுங்கள், பேரமாகவே பாருங்கள். அஷானியோடு .22 வந்தால் உங்கள் இரண்டு இடமும் நிரம்பிவிட்டது. ரிவால்வரையும் விற்றாக வேண்டும். ஆக, இந்த மாற்றத்தின் முடிவில் அப்பாவுடையது ஒன்றுகூட உங்களிடம் இருக்காது. மேலே வரும் 50 ஆயிரம் வெப்ளியின் சந்தை விலைக்குப் பக்கத்தில்கூட வராது என்பது என் கணிப்பு. உரிமம் பெற்ற இரண்டு கடைகளில் எழுத்துமூலம் மதிப்பு வாங்கிவிட்டு நண்பரிடம் பேசுங்கள். அந்தப் பணத்தில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் பங்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். இனிமேல் போட்டோவை எந்த குரூப்பிலும் போடாதீர்கள். வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று திருடனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள்.

கூடத்துப் பழைய துப்பாக்கி

பழசு என்பதால் உரிமம் வேண்டாம் என்று இருந்துவிட்டீர்கள். 45-வது பிரிவில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் பழைய மாதிரியாகவோ தொன்மை மதிப்புள்ளதாகவோ இருந்தால் மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். உங்கள் துப்பாக்கியின் சுத்தியல் இழுத்தால் நிற்கிறது, விசையை அழுத்தினால் விழுகிறது என்று நீங்களே பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அதுதான் சிக்கல். சுட முடியும் என்றால் அதற்கும் உரிமம் வேண்டும், அதுவும் இரண்டு என்ற கணக்கில்தான் வரும். காவல்துறையின் ஆயுத நிபுணர் பார்த்து எழுதிக்கொடுக்கும் அறிக்கைதான் இதைத் தீர்க்கும். நீங்களாக ஆணியடித்து அடைத்துவிடாதீர்கள். பொருளும் கெடும், சந்தேகமும் வரும்.

அதன் வரலாறு பற்றி ஒரு வார்த்தை, மனம் நோகாமல் கேளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆயுதங்களில் கிரீடம் ஏந்திய சிங்கத்தைப் பொறிக்கத் தொடங்கியது 1808 வாக்கில். அதற்கு முன் இருந்தது இதய வடிவ முத்திரை. நீங்கள் சொல்லும் சிங்கம் சரியானால், 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டையில் அந்தத் துப்பாக்கி இருந்திருக்க முடியாது. அதனால் மதிப்பு போய்விடவில்லை. இருநூறு வருஷத்தை நெருங்கிய கம்பெனிக் காலத்துப் பொருள்தான். நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது என்பதால், அக்கா வழியாக அமெரிக்காவில் விற்கும் பேச்சை எடுக்க வேண்டாம். எனக்குத் தோன்றுவது, உரிய அனுமதியோடு அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம். வேலூர்க் கோட்டைக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்ததைவிட அங்கே அதிகம் பேர் பார்ப்பார்கள்.

காகித வேலையில் அதிக நாள் இழுப்பது அக்காவின் கடிதமாகத்தான் இருக்கும். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அசலை அனுப்ப வேண்டியிருக்கும். ஸ்டேஷனுக்குக் கடிதம் கொடுக்கும் அன்றே அவருக்கும் போன் போட்டு, எந்தத் துப்பாக்கி, என்ன எண், விற்றால் பங்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். தம்பி மகனைப் பற்றியும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; அத்தை பேசினால் அவன் கதவைத் திறக்கக்கூடும்.